பாகம் விற்காதவர் பொம்மைக் காரும் விற்க வேண்டாம்

நாமகிரிப்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருப்பவனுக்கு வேலை வருவது மஞ்சளிலிருந்தும் மரவள்ளியிலிருந்தும்தான். மஞ்சள் பாலீஷ் போடுகிற டிரம்மின் தண்டு, சேகோ ஆலையின் புல்லி, ரோட்டவேட்டரின் ஜாயிண்ட், ஆத்தூர் ரோட்டில் நின்றுபோன லாரியின் ஏதாவது ஒரு புஷ். இவற்றோடு சில வருஷங்களாக இன்னொரு பொருளும் என் மேஜைக்கு வருகிறது. ரிமோட் கார். முழு ஆண்டுத் தேர்வு முடிந்து லீவு விட்டால் வரத்து கூடும். பையன்கள் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: "மோட்டார் சுத்துதுங்கண்ணா, சக்கரம் சுத்த மாட்டேங்குது." இல்லையென்றால் சக்கரம் சுற்றும், வண்டி முழுக்க நடுங்கும். கழற்றிப் பார்த்தால் டிஃபரன்ஷியலுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இருக்கிற சின்ன ஷாஃப்ட் வளைந்திருக்கும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வளைந்த அந்த ஷாஃப்டை நிமிர்த்தி ஓட்டக் கூடாது, மாற்ற வேண்டும். மாற்றுவதற்கு ஷாஃப்ட் தனியாகக் கடையில் கிடைக்க வேண்டும். அப்படிக் கிடைக்காத வண்டியை நம் ஊரில் விற்க விடுவது தவறு.

ரிமோட் காரைப் பொம்மை என்று ஒதுக்குகிறவர்கள் அதை ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். பேட்டரியிலிருந்து மோட்டார், மோட்டாரிலிருந்து பினியன், பினியனிலிருந்து பெரிய பல்சக்கரம், அங்கிருந்து சுழற்சியை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக்கொடுக்கிற டிஃபரன்ஷியல். டிஃபரன்ஷியலின் இரண்டு பக்கமும் இரண்டு கிண்ணங்கள். கிண்ணத்தில் ஷாஃப்டின் ஒரு முனை, சக்கரத்தின் ஆக்சிலில் மறுமுனை. சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் ஓடுகிற லாரிகளில் கியர்பாக்ஸிலிருந்து பின் ஹவுசிங்குக்குப் போகிற ஜாயிண்ட் ஷாஃப்ட் செய்கிற வேலையை, இதில் சக்கரத்துக்கு ஒன்றாகச் சின்ன ஷாஃப்டுகள் செய்கின்றன. சக்கரம் மேட்டில் ஏறும், பள்ளத்தில் இறங்கும். எந்த நிலையிலும் சுழற்சி அறுந்துபோகக் கூடாது. அதற்காகத்தான் இரண்டு முனையிலும் மூட்டு.

பெரும்பாலான வண்டிகளில் வருவது டாக்போன் என்கிற வகை. சுண்டுவிரல் நீளம், 3 அல்லது 4 மில்லிமீட்டர் கனம், இரண்டு முனையிலும் ஒரு குண்டு. ஒவ்வொரு குண்டிலும் குறுக்கே ஒரு பின். அந்தப் பின்தான் கிண்ணத்தின் வெட்டில் உட்கார்ந்து இழுக்கிறது. இதில் எதுவும் இறுக்கமாக இருக்காது. சக்கரம் ஏறி இறங்கும்போது குண்டு கிண்ணத்துக்குள் முன்னும் பின்னும் நகர வேண்டும். லாரி ஷாஃப்டில் ஸ்ப்ளைன் நகர்கிற அதே கணக்கு.

இந்த மூட்டின் தத்துவம் பழையது. இத்தாலியின் கார்டானோ பெயரும் இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக் பெயரும் இதோடு சேர்ந்தே வருகின்றன. ஹூக் இதைப் பற்றி எழுதி 300 வருஷங்களுக்கு மேலாகிறது. ஒற்றை மூட்டை 30 டிகிரி சாய்த்துச் சுற்றினால், உள்ளே போகிற வேகம் சீராக இருந்தாலும் வெளியே வருகிற வேகம் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை 87 சதவீதத்துக்கு இறங்கி 115 சதவீதத்துக்கு ஏறும். இரண்டு மூட்டையும் ஒரே கோட்டில் வைத்து, சாய்வையும் சமமாக வைத்தால் ஒன்றின் ஏற்றத்தை மற்றது அடித்துவிடும். லாரி ஷாஃப்டைக் கழற்றி மாட்டும்போது அம்புக்குறியைச் சேர்த்து மாட்டு என்று மேஸ்திரி கத்துவது இதற்குத்தான். விரல் நீள ஷாஃப்டிலும் இரண்டு பின்னும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். ஷாஃப்ட் முறுக்கி ஒரு முனை திரும்பிவிட்டால், வெளிப்பார்வைக்கு நேராக இருந்தாலும் அது போன ஷாஃப்ட்தான்.

ஏன் வளைகிறது? பிள்ளைகள் முரட்டுத்தனமாக ஓட்டுவதால் என்று பெற்றோர் சொல்கிறார்கள். பாதிதான் சரி. மஞ்சள் காயப்போடுகிற சிமென்ட் களத்தில் வண்டியை ஓட்டி, வரப்பிலிருந்து தாவ விடுகிறார்கள். வண்டி காற்றில் இருக்கும்போது சக்கரத்துக்குத் தரையின் பிடிப்பு இல்லை, அதனால் மோட்டார் முழு வேகத்துக்குப் போய்விடும். விரல் அப்போதும் ரிமோட்டின் விசையை விட்டிருக்காது. தரையைத் தொட்ட கணத்தில் டயர் நிற்கப் பார்க்கும், மோட்டார் சுழலப் பார்க்கும். அந்த அடி முழுவதையும் வாங்குவது நடுவில் இருக்கிற ஷாஃப்ட். தாவும்போது விசையை விடு என்று ஒரு பையனுக்குச் சொல்லிக்கொடுத்தால் பாதி ஷாஃப்ட் பிழைக்கும்.

மீதிப் பாதி வண்டியைச் செய்தவர்கள் கையில் இருக்கிறது. மலிவு வண்டிகளில் மென்மையான இரும்பில் 3 மில்லிமீட்டர் ஷாஃப்ட் போடுகிறார்கள். அதையே 4 மில்லிமீட்டராகப் போட்டால் வளைவையும் முறுக்கையும் தாங்குகிற பலம் இரண்டேகால் மடங்குக்கு மேல் கூடும். கனத்தின் மும்மடிப் பெருக்கத்தில் பலம் ஏறுகிறது என்பது பாலிடெக்னிக்கில் படித்த எவருக்கும் தெரியும். ஒரு மில்லிமீட்டர் இரும்பை மிச்சம் பிடிக்கிறார்கள். பையன்களோ 7.4 வோல்ட் பேட்டரியை எடுத்துவிட்டு 11.1 வோல்ட் மாட்டுகிறார்கள். ஷாஃப்ட் பழசு, மோட்டாரின் வேகம் ஒன்றரை மடங்கு. வேறென்ன நடக்கும்?

நம் ரோட்டவேட்டரைப் பாருங்கள். கருவிக்குச் சுழற்சி கொடுக்கிற டிராக்டரின் பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றுகிறது. கத்தி ஒரு பாறையில் மாட்டினால் கியர்பாக்ஸ் உடைய வேண்டும், அல்லது ஷாஃப்ட் முறுக வேண்டும். இரண்டும் நடக்காமல் இருக்க நடுவில் ஒரு ஷியர் போல்ட் வைத்திருக்கிறார்கள், அல்லது நழுவுகிற கிளட்ச். சில ரூபாய் போல்ட் அறுந்து, பல ஆயிரம் ரூபாய் கியர்பாக்ஸ் தப்பிக்கிறது. விவசாயி சட்டைப் பையில் நாலு போல்ட் வைத்திருப்பார். தரமான ரிமோட் கார்களிலும் ஸ்லிப்பர் கிளட்ச் என்று அதே ஏற்பாடு உண்டு. அந்த நட்டை எவ்வளவு இறுக்குவது என்று கையேட்டில் போட்டிருப்பார்கள். மலிவு வண்டியில் கிளட்சும் இல்லை, கையேடும் இல்லை. அங்கே அறுந்துபோகிற போல்ட்டின் வேலையை ஷாஃப்ட் செய்கிறது. அப்படியென்றால் அந்த ஷாஃப்ட் தனியாகக் கிடைக்க வேண்டியது இன்னும் அவசியம்.

"ஏனுங்கண்ணா, இத்தன பெரிய ராடெல்லாம் நிமித்துறீங்க, இத நிமித்த முடியாதுங்களா?" என்று ஓர் அம்மா கேட்டார். தறி ஓட்டுகிறவர். பையனின் பிறந்த நாளுக்கு வாங்கிக்கொடுத்த வண்டி. நியாயமான கேள்வி. மஞ்சள் டிரம்மின் தண்டு வளைந்து வந்தால் நான் பிரஸ்ஸில் வைத்து நிமிர்த்தித்தான் கொடுக்கிறேன், வருஷக்கணக்கில் ஓடுகிறது. அந்த டிரம் நிமிடத்துக்கு 30 சுற்று அளவில்தான் சுற்றும். அரை மில்லிமீட்டர் கோணல் மிச்சமிருந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. 65 மில்லிமீட்டர் டயர் போட்ட ரிமோட் கார் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போனால், அதன் ஷாஃப்ட் நிமிடத்துக்கு 3,200 சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. நூறு மடங்குக்கு மேல். கோணலால் வருகிற உதறல் வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏறுவதால், அதே எடைக்கும் அதே கோணலுக்கும் உதறல் பத்தாயிரம் மடங்கைத் தாண்டும். ஷாஃப்ட் சின்னது, எடை சில கிராம்தான், அதனால் வண்டி வெடித்துவிடாது. ஆனால் கிண்ணத்தின் வெட்டு தேய்ந்து அகலமாகும், பேரிங் ஆடும், பிறகு டிஃபரன்ஷியல் போகும். ஒரு ஷாஃப்டில் முடிய வேண்டிய செலவு நாலு பாகத்துக்குப் பரவும்.

வேகமாகச் சுற்றுகிற ஷாஃப்டை நிமிர்த்தவே கூடாதா என்றால், லாரி ஷாஃப்டை நிமிர்த்துகிறார்கள். நாமக்கல்லில் ஜாயிண்ட் ஷாஃப்டுக்கென்றே பட்டறைகள் இருக்கின்றன. ஆனால் அவர்கள் நிமிர்த்துவதோடு விடுவதில்லை. மெஷினில் சுற்றவிட்டு, எந்தப் பக்கம் கனம் குறைகிறதோ அங்கே சின்னத் தகடு வைத்து வெல்டிங் செய்து பேலன்ஸ் எடுத்துத்தான் கொடுக்கிறார்கள். லாரியின் ஷாஃப்ட் உள்ளே கூடாக இருக்கிற குழாய், அதில் அந்த வேலைக்கு இடம் உண்டு. 4 மில்லிமீட்டர் கம்பியில் எங்கே தகடு வைப்பது?

இன்னொன்றும் உண்டு. நல்ல ஷாஃப்ட் என்றால் கடினப்படுத்தியிருப்பார்கள். அதைக் குளிரோடு நிமிர்த்தினால் முறியும், அல்லது கண்ணுக்குத் தெரியாத கீறல் விடும். சிவக்கக் காய்ச்சி நிமிர்த்தினால் கடினம் போய் வெறும் கம்பியாகிவிடும், அடுத்த தாவலில் மறுபடி வளையும். மலிவு ஷாஃப்டை நிமிர்த்துவது சுலபம். அது மென்மையானது என்பதால்தான் சுலபம், அதே காரணத்தால்தான் நிற்காது. அந்த அம்மாவிடம் இதைச் சொன்னேன். "அப்ப புதுசு எங்கீங்க கிடைக்கும்?" என்றார்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. விற்ற கடையில் கேட்டுவிட்டுத்தான் அவர் வந்திருந்தார். பாகம் வராது, வேணும்னா புது வண்டி எடுத்துக்குங்க என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

கடைசியில் அவருக்கு ஒரு ஷாஃப்டைக் கடைந்தே கொடுத்தேன். எப்படி என்று சொல்கிறேன், ஏனென்றால் இதைச் செய்ய முடியும் என்பதும், இதுவே வழி ஆகாது என்பதும் ஒரே வேலையில் தெரிந்துவிடும். 8 மில்லிமீட்டர் ஈ.என்.8 எஃகு ராடு. ஒரு முனையைச் சக்கில் பிடித்து, மறுமுனையை டெயில்ஸ்டாக் சென்டரில் தாங்கவைத்து, நடுப்பகுதியை 4 மில்லிமீட்டருக்கு இறக்க வேண்டும். இவ்வளவு மெல்லிய கம்பி வெட்டுளிக்கு முன்னால் விலகி ஓடும், அவசரப்பட்டு ஆழமாக வெட்டினால் நடுவில் தடித்தும் முனைகளில் இளைத்தும் வரும். முடிவரை மெல்லிய வெட்டுத்தான். குண்டு இரண்டையும் உருட்டிய பிறகு, அவற்றில் 2 மில்லிமீட்டர் துளை. இரண்டு துளையும் ஒரே கோட்டில் வர வேண்டும். பின்னுக்கு இரும்பு தேடி அலையவில்லை. கழித்துப்போட்ட லாரி யூனிவர்சல் கிராஸின் கிண்ணங்களுக்குள் ஊசி பேரிங் இருக்கும். அந்த ஊசிகள் ஏற்கெனவே கடினப்படுத்தியவை. அளவு சேர்கிற ஒன்றை எடுத்துத் தட்டி இறக்கினேன். சின்ன ஷாஃப்டில் ஒரு லாரியின் ஊசி. பின் மாட்டுவதற்கு முன்னால் ஷாஃப்டைச் செந்நிறம் வரக் காய்ச்சி, நிமிர்ந்த வாக்கில் எண்ணெயில் இறக்கி, தேய்த்துச் சுத்தம் செய்து, மறுபடி மெல்லச் சூடாக்கி, நீலம் படரும்போது நிறுத்தினேன். படுக்கைவாக்கில் இறக்கினால் எண்ணெயிலேயே வளைந்துவிடும். நீலம் வராமல் விட்டால் கண்ணாடி மாதிரி உடையும்.

வண்டி ஓடுகிறது. ஆனால் அதற்குப் போன நேரத்துக்கு நியாயமான கூலி போட்டால், வண்டி விலையில் கணிசமான பங்கு வரும். தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் ஒரே மெஷினில் கொட்டுகிற சாமானை ஒற்றைக்கொன்றாகக் கடைவது எந்தக் கணக்கிலும் கட்டாது. அங்கே அது சில்லறைக் காசு. அந்தச் சில்லறைக் காசு சாமானை ஒரு கவரில் போட்டுக் கடையில் தொங்கவிடுவதில் வண்டி செய்கிறவர்களுக்கு என்ன சிரமம்?

முடியாது என்று யாரும் சொல்ல முடியாது, செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஜப்பானின் டமியா நிறுவனம் 1976-ல் போர்ஷே 934 மாடலோடு ரிமோட் கார் தொழிலுக்கு வந்தது. அவர்களுடைய வண்டிகள் பெரும்பாலும் பிரித்த பாகங்களாகவே பெட்டியில் வருகின்றன, வாங்குகிறவர் தானே பூட்ட வேண்டும். கையேட்டில் ஒவ்வொரு பாகத்துக்கும் எண் உண்டு. அமெரிக்காவின் டிராக்ஸஸ் நிறுவனமும் ஒவ்வொரு ஷாஃப்டையும் கிண்ணத்தையும் பின்னையும் எண் போட்டுத் தனித்தனியாக விற்கிறது. இவை விலை கூடிய வண்டிகள், நம் ஊரில் எல்லாராலும் வாங்க முடியாது. சீனாவிலிருந்து வருகிற சில மலிவு மாடல்களுக்குக்கூடப் பாகங்கள் தனியாகக் கிடைக்கின்றன. ஆகவே இது விலையால் வருகிற தடை அல்ல. பாகம் கொடுக்க வேண்டும் என்று யாரும் கேட்காததால் வருகிற தடை.

கேட்க வேண்டியது அரசு. பொம்மை விஷயத்தில் அரசு கைகட்டி நிற்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாகியிருக்கிறது. இறக்குமதிப் பொம்மை மீதான அடிப்படைச் சுங்க வரியை 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 சதவீதமாக்கி, 2023-ல் 70 ஆக்கினார்கள். உள்நாட்டுத் தொழில் பிழைக்க வேண்டும் என்பதற்காகச் செய்தது, நான் ஆதரிக்கிறேன். ஆனால் முத்திரை பாதுகாப்பைப் பற்றியது. கூர்முனை இருக்கிறதா, பெயிண்டில் விஷம் இருக்கிறதா, மின்சாரம் தாக்குமா என்று பார்க்கிறது. ஷாஃப்ட் வளைந்தால் வேறு கிடைக்குமா என்று பார்ப்பதில்லை. 70 சதவீத வரிச் சுவருக்குப் பின்னால் பாதுகாப்பாக விற்கிற உள்நாட்டுக்காரர், அந்தச் சுவரால் கூடுதல் விலை கொடுக்கிற வாங்குபவருக்குப் பாகமாவது கொடுக்கக் கடமைப்பட்டவர் இல்லையா?

2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. விவசாயக் கருவிகள், கைபேசி மற்றும் டேப்லெட், வீட்டு உபயோகப் பொருள்கள், வாகனங்கள் என்று நாலு துறைகளை முதலில் எடுத்தார்கள். அந்த வருஷ டிசம்பரில் அதற்கென ஓர் இணையதளமும் வந்தது. பிறகு கைபேசிக்கும் மின்னணுச் சாதனங்களுக்கும், எவ்வளவு சுலபமாகப் பழுதுபார்க்கலாம் என்று மதிப்பெண் போடுகிற ஏற்பாட்டுக்கு 2024-ல் இன்னொரு குழு. விவசாயக் கருவி பட்டியலில் இருப்பது எங்கள் பகுதிக்குப் பெரிய விஷயம், அதை வரவேற்கிறேன். பொம்மை மட்டும் எதிலும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் கொண்டுவந்த பழுதுபார்ப்புச் சட்டத்தின் பொருள் பட்டியலில்கூட வாஷிங் மெஷின் இருக்கிறது, வெல்டிங் மெஷின் இருக்கிறது, பொம்மை இல்லை.

ஆனால் நம் நாட்டிலேயே இன்னொரு சட்டத்தில் இருக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் பொம்மைகளையும் பட்டியலில் சேர்த்திருக்கின்றன. மின்சார ரயில், பந்தயக் கார் செட் என்று பெயர் சொல்லியே போட்டிருக்கிறார்கள். உற்பத்தி செய்தவர் அந்தக் கழிவுக்குப் பொறுப்பேற்க வேண்டும். நல்ல விதிதான். ஆனால் குப்பையான பிறகு பொம்மைக்குச் சட்டம் இருக்கிறது, குப்பையாகாமல் தடுக்கச் சட்டம் இல்லை என்பது எந்த ஊர் நியாயம்? என்னிடம் வருகிற வண்டியில் மோட்டார் நன்றாக இருக்கிறது. பேட்டரி நன்றாக இருக்கிறது. ரிசீவர், ஸ்டியரிங் திருப்புகிற சர்வோ, நாலு டயர், எல்லாம் நன்றாக இருக்கின்றன. சில கிராம் இரும்பு வளைந்ததற்காகச் செம்பும் லித்தியமும் சேர்ந்து பேரூராட்சிக் குப்பை வண்டியில் ஏறுகின்றன. லித்தியம் பேட்டரி குப்பையில் நசுங்கினால் தீப்பிடிக்கும் என்பது வேறு.

பொம்மைதானே, உடைந்தால் இன்னொன்று என்று சொல்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். எங்கள் நாமக்கல் மாவட்டத்தை வளர்த்தது பழுது பார்க்கத் தெரிந்த கைகள். திருச்செங்கோட்டின் ரிக் வண்டிகள் நாடு முழுக்க ஆழ்துளைக் கிணறு போடுகின்றன. எங்கோ ஒரு மாநிலத்தில், ஊரே இல்லாத இடத்தில் ஷாஃப்ட் போனால் அங்கேயே கழற்றி மாட்டத் தெரிந்த ஆட்கள் வண்டியோடு போவதால்தான் அது முடிகிறது. நாமக்கல் லாரித் தொழிலும் அப்படித்தான். அந்தக் கையெல்லாம் எங்கோ ஒரு சின்ன வயதில் எதையாவது கழற்றித் தொடங்கிய கைகள். இன்றைக்கு ஒரு பத்து வயதுப் பையன் டிஃபரன்ஷியல் என்றால் என்ன என்று கண்ணால் பார்க்க இந்த வண்டியைவிட நல்ல பாடம் கிடையாது. இரண்டு கிரப் ஸ்க்ரூவைத் தளர்த்தி, பழைய ஷாஃப்டை எடுத்து, புதுசை மாட்டி, வண்டி ஓடுவதை அவனே பார்க்க வேண்டும். பாகம் இல்லை, புதுசு வாங்கு என்று சொல்லும்போது நாம் அவனுக்கு வேறொன்றைக் கற்றுக்கொடுக்கிறோம்.

அதனால் நான் கேட்பது இவ்வளவுதான். பழுதுபார்க்கும் உரிமைப் பட்டியலில் மோட்டார் உள்ள பொம்மைகளையும் சேருங்கள். ஷாஃப்ட், கிண்ணம், பல்சக்கரம், சார்ஜர், இந்த நாலையும் வண்டி விற்ற தேதியிலிருந்து குறைந்தது மூன்று வருஷத்துக்குத் தனியாக விற்க வேண்டும் என்று விதி போடுங்கள். பெட்டியின் மேல் ஷாஃப்டின் நீளமும் கனமும் அச்சடித்திருந்தால் பாதி வேலை முடிந்தது. அளவு தெரிந்தால் ஒரு பட்டறைக்காரன் நூறாகக் கடைந்து வைப்பான், விலையும் கட்டும். மத்திய அரசு செய்யும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ராசிபுரத்திலும் சேலத்திலும் பொம்மை விற்கிற வியாபாரிகள், தங்களுக்குச் சரக்கு அனுப்புகிறவர்களிடம் வண்டி நூறுக்குப் பத்து ஜோடி ஷாஃப்ட் சேர்த்து அனுப்பு என்று சொல்லலாம். சொன்னால் வரும்.

வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஷாஃப்ட் வளைந்ததா என்று தெரிய என்னிடம் வர வேண்டியதில்லை. கழற்றி, ஷாஃப்டைவிட அகலம் குறைந்த கண்ணாடித் துண்டு ஒன்றைச் சமமாக மேஜையில் வைத்து, இரண்டு குண்டும் விளிம்புக்கு வெளியே வருகிறபடி ஷாஃப்டின் தண்டுப் பகுதியை அதன் மேல் உருட்டுங்கள். அடியில் வெளிச்சம் வந்து வந்து மறைந்தால் அது வளைந்த ஷாஃப்ட். மாற்றும்போது ஷாஃப்டோடு நிறுத்தாமல் இரண்டு பக்கக் கிண்ணத்தின் வெட்டையும் பாருங்கள், பள்ளம் விழுந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். புது வண்டி வாங்கப் போகும்போது, எவ்வளவு வேகம் போகும் என்று கேட்பதற்கு முன்னால், பின்சக்கர ஷாஃப்ட் தனியாக ஒரு ஜோடி கொடுங்கள் என்று கேளுங்கள். இல்லை என்று சொன்னால் அந்த வண்டியை வாங்காதீர்கள்.